மத்தியான மாத்திரை

மாரப்பனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லலாம். இருபது வருடத்தில் அவர் யாரிடமும் கையூட்டு வாங்கியதில்லை. அது தன்னுடைய நேர்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து ஒன்றைக் கேட்கும் தைரியம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை என்பதுதான் உண்மை. நல்லவன் கேட்காமல் இருப்பதையும் பயந்தவன் கேட்காமல் இருப்பதையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஊரில் பாதிப் பேருடைய நற்பெயர் இந்த வசதியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோத்தகிரி சாலையில் கட்டபெட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஒரு தனியார் தேயிலை பாக்டரி இருந்தது. அதற்கென்று சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர்களின் பச்சை இலையை வாங்கித் தூளாக்குவதுதான் தொழில். காரமடையிலிருந்து பத்தொன்பது வயதில் மலையேறி வந்த மாரப்பன், விறகு அடுக்கி, மூட்டை தூக்கி, கடைசியில் இலை பார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தார். லாரியில் வரும் ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து மேசையில் பரப்ப வேண்டும். இளசையும், கரடு என்கிற முற்றிய இலையையும் பிரித்து, நூற்றுக்கு எத்தனை இளசு என்று சீட்டில் எழுத வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் இலைக்கு விலை. மேசையில் உட்கார்ந்திருக்கும் வரை மாரப்பன் சின்னக் கடவுள்.

இலைக்காரர்களின் சூது அவருக்கு அத்துப்படி. சாக்கின் வாயருகே இரண்டு இலையும் மொட்டுமாக நல்ல கொழுந்தை வைத்து, அடியில் முற்றிய இலையைத் திணித்து அனுப்புவார்கள். மாரப்பன் மேல் இலையைப் பார்க்கவே மாட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோள் வரைக்கும் சாக்குக்குள் விடுவார். அடியிலிருந்து அள்ளி வந்ததை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேசையில் கொட்டுவார்.

"ஏனுங்க, மேல பொண்ணக் காட்டிப்போட்டு அடியில மாமியாள வெச்சுத் தெச்சிருக்கறீங்க?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். யாருடைய சாக்கு இன்னும் பிரிக்கப்படவில்லையோ அவர்கள் சத்தமாகவே சிரிப்பார்கள்.

தொண்ணூற்றொன்பதில் விலை சரியத் தொடங்கியது. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். நீலகிரித் தூளில் கலப்படம் என்று பெயர் கெட்டுவிட்டது என்றார்கள். காரணம் எதுவானாலும், ஒரு கிலோ இலையின் விலை அதைப் பறிக்கிற கூலிக்கே போதவில்லை. பலர் பறிக்காமல் விட்டார்கள். தேயிலைச் செடி தன் பாட்டில் மரமாகிக்கொண்டிருந்தது. இளவயதுக்காரர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். பாக்டரியில் இலை பார்க்க மூன்று பேர் இருந்த இடத்தில் மாரப்பன் மட்டும் மிஞ்சினார். திறமைக்காக மிஞ்சினார் என்று அவரும், சம்பள உயர்வு கேட்காத ஆள் என்பதால் மிஞ்சினார் என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

முன்பெல்லாம் பன்னிரண்டு மணிக்கு ஒரு எடை, நாலரைக்கு ஒரு எடை. நடுவில் நிதானமாகச் சாப்பிடலாம். சரிவு வந்தபின், இலையைச் சேகரித்துவரும் ஏஜென்ட்கள் அதை லாரியிலேயே வைத்துக்கொண்டு, எந்த பாக்டரி கொஞ்சம் கூடத் தரும் என்று மலையைச் சுற்றினார்கள். லாரி பதினொன்றுக்கும் வரும், இரண்டுக்கும் வரும், ஒரே நேரத்தில் நான்கும் வரும். மாரப்பனின் சாப்பாட்டு டப்பா ஜன்னல் திட்டில் ஆறிக்கொண்டிருக்கும்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது அதற்கு இரண்டு வருடம் முன்பே தெரியும். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே டாக்டர் நவநீதனின் கிளினிக்கில்தான் வைத்தியம். நவநீதன் கெட்டவரில்லை. கெட்டவராக இருப்பதற்குக்கூட நோயாளியிடம் கொஞ்ச நேரம் செலவழிக்க வேண்டும். வருகிறவர் நாற்காலியில் முழுதாக உட்காருவதற்குள் அவர் சீட்டு எழுதி முடித்திருப்பார். இரண்டாயிரத்தில் ஒருநாள் மாரப்பனின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, "காலையில ஒண்ணு பத்தலை. மத்தியானம் ஒண்ணு சேத்துக்கங்க. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி" என்றார்.

"சரிங்க டாக்டர்."

அவ்வளவுதான் நடந்தது. மத்தியானச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று நவநீதன் கேட்கவில்லை. அவருடைய வீட்டில் ஒரு மணிக்கு இலை போடுவார்கள். உலகம் முழுவதும் ஒரு மணிக்கு இலை போடுகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு நேரம் கிடையாது என்று மாரப்பனும் சொல்லவில்லை. இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் ஒரு கேள்வி அநாதையாகக் கிடந்தது.

பத்து நாள் கழித்து, பன்னிரண்டரை மணிக்கு, வாசலில் லாரி எதுவும் இல்லாததைப் பார்த்து மாரப்பன் மத்தியான மாத்திரையை விழுங்கினார். டப்பாவைத் திறக்கப் போகும்போது ஒரு லாரி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்று மணிக்கு நான்காவது லாரி. ஜனவரிக் குளிரில் அவருக்குச் சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. ஏஜென்ட் ஒருவரைக் காரணமில்லாமல் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒரு சீட்டில் நூற்றுக்கு நூற்றுநாற்பது இளசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைப் பெற்றவர் சத்தமில்லாமல் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த சாக்கில் கை விட்ட மாரப்பன் அப்படியே அதன்மேல் சரிந்தார்.

"குடிச்சிருக்காரு போல."

"பகல்லயேவா?"

"வேலைக்கு நடுவுல குடிக்கிற ஆளா இவரு? மாரடைப்புய்யா, தண்ணி கொண்டாங்க."

"தண்ணிய ஊத்தாதீங்க! தள்ளுங்க எல்லாரும்!" என்று ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் மூக்கம்மா. எஸ்டேட்டில் வேலை பார்த்த கணவர் ஒச்சப்பன், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் அரை ஏக்கர் வாங்கிவைத்துவிட்டு இறந்துபோனார். அதில் விளையும் இலையை மூக்கம்மாவே பறித்து லாரியில் ஏறிக் கொண்டுவருவார். சற்று முன்புதான் அவருடைய சாக்கை மாரப்பன் மாமியாளைச் சொல்லிக் கேலி செய்திருந்தார்.

மூக்கம்மா டீ ரூமிலிருந்து சர்க்கரையை அள்ளி வரச் சொல்லி, மாரப்பனின் கன்னத்துக்குள் விரலால் வைத்துத் தேய்த்தார்.

"குடியுமில்ல, மாரடைப்புமில்ல. சோறு திங்காம மாத்திரையப் போட்டுருக்காரு. என் வீட்டுக்காரருக்கு இப்படித்தான் வரும். எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

பத்து நிமிடத்தில் மாரப்பன் கண் திறந்தார். உதட்டோரம் சர்க்கரை ஒழுகிக்கொண்டிருக்க, தன்னைச் சுற்றி முப்பது இலைக்காரர்கள் நிற்பதைப் பார்த்தார்.

"அண்ணே, மாத்திரை போட்டா அரைமணியில சோறு உள்ள போயிரணும். இல்லாட்டி அது ஆளையே தின்னுரும்" என்றார் மூக்கம்மா.

"அப்ப இன்னிக்கு அண்ணன் நூத்துக்கு நூத்திநாப்பது இளசுன்னு எழுதினது மாத்திரை குடுத்த மார்க்கா?" என்று, அந்தச் சீட்டை எட்டிப் பார்த்திருந்த ஒரு டிரைவர் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை பிரிக்கப்பட்ட சாக்கு மாரப்பனுடையது.

அந்த நாளிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். நோய் என்ன, தவறு எங்கே, செய்ய வேண்டியது என்ன என்று நாலாம் வகுப்பு படித்த ஒரு பெண் முப்பது பேர் முன்னால் சத்தமாகச் சொல்லிவிட்டார். அதை ஏற்றுக்கொள்ள மாரப்பனுக்கு ஒரு தடையும் இல்லை, சொன்னது மூக்கம்மா என்பதைத் தவிர. மனிதர்கள் உண்மையை எதிர்ப்பது குறைவு. அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதைத்தான் அவர்கள் எதிர்க்கிறார்கள்.

மாரப்பன் கற்றுக்கொண்ட பாடம் வேறு. ஒன்று, மத்தியான மாத்திரை எதிரி. இரண்டு, தான் விழுந்தது முதலாளி மகனுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பாக்டரியைப் பார்த்துக்கொண்ட முதலாளி மகன் சந்துருவின் அறை மாடியில் இருந்தது. அதன் ஜன்னல் இலை மேசையைப் பார்த்தபடி இருக்கும். அன்று அந்த ஜன்னலில் ஒரு உருவம் நின்றதாக மாரப்பன் நம்பினார்.

டாக்டரிடம் போய், மாத்திரையால் மயக்கம் வந்தது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் சொல்வதற்கு, ஒரு பெண்பிள்ளை தன் வாயில் விரலை விட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் மத்தியான மாத்திரையை விழுங்குவதை நிறுத்தினார், வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்காவிட்டால் மருந்துக் கடைக்காரர் டாக்டரிடம் சொல்லிவிடுவார் என்று பயம். வாங்கியதைத் தூக்கி எறியவும் மனசில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வரும். அங்கேதான் அவருடைய இருபது வருட அனுபவம் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை என்றால் வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடுவார். டீயில் சர்க்கரை நின்றுவிடும். மூன்று வேளையும் ராகிக் களியும் வேகவைத்த அவரையும். சனிக்கிழமை இரவு அதுவும் கிடையாது. பஸ்ஸை விட்டுவிட்டுக் கட்டபெட்டு மேடு முழுக்க நடப்பார். காலை மாத்திரையை அந்த மூன்று நாளும் இரண்டாக விழுங்குவார். மற்ற எண்பத்தேழு நாட்களும் சாக்கின் அடியில் கிடக்கும். டாக்டரின் மேசைக்கு அந்த மூன்று நாள் கொழுந்து போகும். எந்தத் திருட்டை அவர் தோள்வரை கையை விட்டுப் பிடித்துச் சிரித்தாரோ அதைத்தான் தன் ரத்தத்தில் செய்கிறோம் என்பது அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. தன் சூது எப்போதும் சூதாகத் தெரிவதில்லை. அதற்கு நிர்ப்பந்தம் என்று பெயர்.

அவருடைய மனைவி தெய்வம்மா எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தவர். சரிவில் வேலையில்லாமல் வீட்டிலிருந்தார்.

"ஏனுங்க, பரீட்சைக்குப் படிக்கற பையனாட்டம் பண்றீங்க?"

"பாஸ் பண்றனா இல்லையா, அதச் சொல்லு."

"பாஸ் பண்ணி எந்த ஆபீசுல வேலைக்குப் போகப்போறீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சோத்தப் போடாத. களியக் கிண்டு."

நவநீதன் தாளைப் பார்ப்பார். நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பன்னிரண்டு. "வெரி குட். அதே மாத்திரைய கன்டின்யூ பண்ணுங்க." கிளினிக் நோட்டை மட்டும் படித்தால் குன்னூரிலேயே கட்டுப்பாடான நோயாளி மாரப்பன்தான் என்று தோன்றும். டாக்டர் ஒருமுறை வெளியில் காத்திருந்தவர்களிடம் அந்த நோட்டைத் தூக்கிக் காட்டி, "இவரப் பாத்துக் கத்துக்கங்க" என்றும் சொன்னார். மாரப்பன் அங்கிருந்து நேராக பஸ் ஸ்டாண்ட் பேக்கரிக்குப் போய், ஆறு வர்க்கியை ஸ்ட்ராங்கான சர்க்கரை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்.

இப்படி மூன்று வருடம் போயிற்று.

மலையில் கண் மங்கினால் பனிமூட்டத்தின்மேல் பழி போடுவது சுலபம். முதலில் மாலையில் மட்டும் புகை தெரிந்தது. பிறகு பகலிலும். பாக்டரியின் ட்யூப் லைட் மங்கிவிட்டது என்று நினைத்தார். மாற்றித் தரும்படி யாரையும் கேட்கவில்லை. இடது கண்ணில் பொடியாக ஏதோ மிதந்தது. இளசு எது, கரடு எது என்று மேசையில் தெரியாமல் போனபோது, அவர் இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து எண் எழுதத் தொடங்கினார். சண்டை போடக்கூடிய ஆளுக்கு அறுபது. வாயில்லாத ஆளுக்கு நாற்பது. மூக்கம்மாவுக்கு எப்போதும் நாற்பதுக்குள். அரை ஏக்கர்க்காரர்கள் பட்டினியின் விளிம்பில் நின்ற வருடங்கள் அவை. அந்த எண்களில் அடுப்பு எரிவதும் எரியாததும் இருந்தது. நோயாளி என்று இரக்கப்படுகிறவர்கள் இதையும் சேர்த்து இரக்கப்பட வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், தை கடைசியில், மூக்கம்மா ஒரு சாக்கு கொண்டுவந்தார். தரமான இலை கொடுத்தால்தான் இனி விலை என்று கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, மூன்று ஆள் வேலையைத் தனியாகச் செய்து, இரண்டு இலையும் மொட்டுமாகப் பறித்திருந்தார். மாரப்பன் ஒரு பிடி அள்ளிப் பரப்பினார். முகத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு என்று எழுதினார்.

மூக்கம்மா சீட்டை வாங்கவில்லை.

"எண்ணுங்கண்ணே."

"எழுதியாச்சு. அடுத்த சாக்கு!"

"எழுதினதக் கேக்கலை. எண்ணுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"இருபது வருசமா இலை பாக்கறன். எனக்கே சொல்லித் தர்றியாம்மா?"

"இருபது வருசமாப் பாத்தீங்க. இன்னிக்குப் பாருங்க."

எடைமேடையிலிருந்த வேலாமணி எட்டிப் பார்த்தார். டிரைவர்கள் கூடிவிட்டார்கள். மூக்கம்மா மேசையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்து மாரப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

மாரப்பன் பார்த்தார். "கரடு."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மூக்கம்மாவின் கையில் இருந்தது குழந்தை விரல் போன்ற இளங்கொழுந்து. அவர் அதைக் கீழே வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அண்ணே, என் கையில எத்தனை விரல் தெரியுது?"

"வேலையப் பாரும்மா. லாரி நிக்குது."

மூக்கம்மா ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மறுநாள் மாரப்பனின் வீட்டுக்குப் போய் தெய்வம்மாவிடம் சொன்னார். அவரை இதற்காகப் பெரிதாக உயர்த்திப் பேச வேண்டியதில்லை. தன் இலைக்குச் சரியான எண் எழுத அவருக்குக் கண் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டது. இருந்தாலும், வேறு ஆளைக் கேட்காமல் இந்த ஆளுக்கே கண் தெரியட்டும் என்று நினைத்தார். அவ்வளவை அவர் கணக்கில் எழுதலாம்.

தெய்வம்மா பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு, புருஷனை இழுத்துக்கொண்டு குன்னூருக்குப் போனார். நவநீதன் கோயம்புத்தூருக்கே போய்விட்டிருந்தார். அவருடைய நாற்காலியில் டாக்டர் ரேகா என்ற நடுத்தர வயதுப் பெண் இருந்தார். நோட்டைப் புரட்டினார். மாரப்பனின் கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"நோட்டு ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது. எதுங்க பொய்?"

மாரப்பன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். தெய்வம்மா டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் குவியலாகச் சரிந்தன. சிலது தரையில் விழுந்தது.

"இதுங்க பொய்" என்றார் தெய்வம்மா.

ரேகா திட்டவில்லை. மூன்று மாதத்துச் சர்க்கரையைச் சேர்த்துச் சொல்லும் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்; அதை மூன்று நாள் களியால் ஏமாற்ற முடியாது. கண் டாக்டரிடமும் அனுப்பினார். இரண்டு பதிலும் வந்தன. சர்க்கரை, இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. இடது கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்து பார்வை ஏறக்குறைய போய்விட்டது, திரும்பாது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. லேசர் வைக்கலாம், ஆனால் சர்க்கரை இறங்காவிட்டால் அதுவும் நிற்காது.

"ரெண்டு வேளை இன்சுலின் போடணுங்க" என்றார் ரேகா.

"ஊசின்னா... கடைசிக் கட்டமுங்களா?"

"கடைசிக் கட்டத்தத் தள்ளி வைக்கறதுக்குத்தான் ஊசி. மூணு வருசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். நீங்கதான் நல்ல பிள்ளையா நோட்டு காட்டிட்டு இருந்தீங்க."

"ஊட்டுல பிரிட்ஜ் இல்லீங்க."

"இந்த ஊரே பிரிட்ஜ்தானுங்க. அடுப்புப் பக்கம் வைக்காம இருந்தாப் போதும்." ரேகா பேனாவைக் கீழே வைத்தார். "இது சொல்லுங்க. மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

ஆறு வருட வைத்தியத்தில் முதல் முறையாக அந்தக் கேள்வி கேட்கப்பட்டது.

"லாரியப் பொறுத்துங்க."

"சக்கரை லாரிக்கா, உங்களுக்கா? காலையில போடற ஊசி மத்தியானம் வந்து நல்லா வேலை செய்யும். அப்ப வயித்துல சோறு இருக்கணும். இல்லைன்னா மறுபடி விழுவீங்க. ஒன்றரைக்குள்ள சாப்பாடு. பாக்டரியில கேட்டு உறுதி பண்ணிட்டு வாங்க, அன்னிக்கே ஊசி எழுதறேன். அதுவரைக்கும் மாத்திரைய மாத்தித் தர்றேன், ஆனா அது பத்தாது. ஒரு வாரத்துல வாங்க."

இப்போது மாரப்பன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மாடிப்படி பதினெட்டும் ஏறி, சந்துருவிடம், ஒன்றரை மணிக்குச் சாப்பிட நேரம் வேண்டும் என்று கேட்க வேண்டும். பணம் கேட்கச் சொல்லவில்லை. விடுப்பு கேட்கச் சொல்லவில்லை. சோறு தின்ன நேரம். மாரப்பனுக்கு அது மலையைப் புரட்டுகிற வேலையாகத் தெரிந்தது. நாற்பது பேர் இருந்த பாக்டரியில் இருபத்திரண்டு பேர் மிச்சம். வாயைத் திறக்கிறவன்தான் அடுத்தவன் என்று அவர் நம்பினார். வாயைத் திறக்காமலே பதினெட்டுப் பேர் போயிருந்தார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. பயம் எப்போதும் தனக்கு வேண்டிய உதாரணங்களை மட்டும்தான் எண்ணும்.

முதல் ஞாயிறு ரேகாவிடம், "முதலாளி மகன் ஊர்ல இல்லீங்க" என்றார்.

இரண்டாவது ஞாயிறு, "அவருக்குக் காய்ச்சலுங்க."

"அவரு கல்லாட்டம் இருக்கறாருங்க டாக்டரம்மா. இவருக்குத்தான் வாய் கட்டிப்போச்சு" என்றார் தெய்வம்மா.

ரேகா மாரப்பன் பக்கம் திரும்பினார். "வலது கண்ணும் போனப்புறம் யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டியதில்ல. எல்லாரும் தானாவே கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க" என்றார்.

வெளியே வந்ததும் மாரப்பன் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"டாக்டர் முன்னால மானத்த வாங்கறியா?"

"மானமுங்களா? மூணு வருசம் ஊட்டுல எங்கூட உக்காந்து ஒரு வாய் நிம்மதியாத் திங்காம, அந்த மானத்தையா காப்பாத்தினீங்க?"

புதன்கிழமை சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது வலது கண்ணில், எட்டு என்ற எண்ணின் மேல், ஒரு கறுப்பு நூல் வந்து நின்றது. கண்ணை அசைத்தால் நூலும் அசைந்தது. ஒரு பயத்தை அவரிடமிருந்து வெளியேற்ற அதைவிடப் பெரிய பயம் தேவைப்பட்டது; அறிவுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

அப்போதும் வாய் வரவில்லை. அன்று வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். இரண்டு பக்கம். மரியாதைக்குரிய முதலாளி அவர்களுக்கு என்று தொடங்கி, தான் எந்த வருடம் சேர்ந்தது, எத்தனை நாள் விடுப்பு எடுக்காமல் உழைத்தது, எந்த வருடப் பெருமழையில் இடுப்பளவு தண்ணீரில் இலைச் சாக்கைக் காப்பாற்றியது எல்லாவற்றையும் எழுதினார். இரண்டாம் பக்கத்தின் அடியில், கருணை கூர்ந்து, மதியம் ஒன்றரை மணிக்கு உணவு அருந்த அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தார்.

மறுநாள் படியேறினார். சந்துரு போனில் யாரிடமோ ஏல விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கினார். முதல் பக்கத்தைப் படிக்கும்போது சம்பள உயர்வு என்று நினைத்திருக்க வேண்டும், முகம் இறுகியது. இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"ஏனுங்க மாரப்பன், சோறு திங்கறதுக்கா பெட்டிஷன்?"

"ஆமாங்க."

"யாருங்க வேண்டாம்னது? வேலாமணி திங்கறாரு. டிரையர்காரர் திங்கறாரு. நீங்க மட்டும் என்ன விரதமா?"

"இல்லீங்க... லாரி நிக்கும்..."

"நின்னா நிக்கட்டும். அவன் ஊரெல்லாம் சுத்தி விலை கேட்டுட்டுத்தான வர்றான். கால்மணி நின்னா என்ன?"

மாரப்பன் அதோடு நிற்கவில்லை. "அன்னிக்கு மயக்கம் போட்டு விழுந்ததப் பாத்து நீங்க..."

"விழுந்தீங்களா? எப்போ?"

"மூணு வருசம் முன்னாடிங்க. இந்த ஜன்னல்ல நின்னு..."

சந்துரு திரும்பி ஜன்னலைப் பார்த்தார். வெயிலுக்காக அதை மறைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு பழைய இரும்பு பீரோவை நகர்த்தி வைத்திருந்தார்கள். அது தன் அப்பா காலத்திலிருந்தே அங்கே இருப்பதாகச் சொன்னார். பிறகு விண்ணப்பத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிடுங்க. அதுக்கென்ன. ஆனா ஒண்ணு. கண்ணப் பத்தி இலைக்காரங்க பேசிக்கறாங்க. மேசைக்கு நாளையில இருந்து வேலாமணி வரட்டும். நீங்க எடைமேடைய பாத்துக்கங்க. அங்க நம்பர் பெருசா இருக்கும்."

ஒரு கண்ணைக் கொடுத்து மாரப்பன் யாரிடமிருந்து தன்னை மறைத்துக்கொண்டாரோ, அந்த மனிதர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. கேட்டால் போய்விடும் என்று நினைத்த மேசை, கேட்காமல் இருந்த மூன்று வருடத்தில் போயிருந்தது. அன்று அதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். இதில் கொடியவன் என்று காட்ட ஒருவரும் இல்லை. நவநீதனுக்கு ஒரு கேள்வி கேட்கச் சோம்பல். சந்துருவுக்குக் கீழே பார்க்க அக்கறை இல்லை. மாரப்பனுக்கு வாய் இல்லை. கொடியவன் ஒருவன் இருந்திருந்தால் இதைச் சொல்வதற்காவது கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ரேகா ஊசி எழுதிக் கொடுத்தார். திங்கள் காலை தெய்வம்மா அதைப் போட்டுவிட்டார். "வலிக்குதுங்களா?" என்று கேட்டதற்கு மாரப்பன், "எறும்பு" என்றார்.

அன்று ஒன்று இருபதுக்கு எடைமேடைக்குப் பின்னால், சாக்குகள் அடுக்கிய மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவருடைய கை நின்றது. பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்தார்.

மேசையிலிருந்து வேலாமணி கூப்பிட்டார். "ஏனுங்ணா, திருடித் திங்கறவனாட்டம் அங்க எதுக்குப் போயி உக்காந்துட்டீங்க? இப்படி வெளிச்சத்துல வாங்க."

மாரப்பன் எழுந்து போகவில்லை. சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும், கொஞ்சம் பீன்ஸ் பொரியல். குனிந்து, வலது கண்ணைச் சோற்றுக்கு அருகில் வைத்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.